கையுறைக்குள் கள்ளி

பல் மருத்துவரின் காத்திருப்பறை ஜன்னலில்
அது தொங்கிக்கொண்டிருந்தது,
சீவாத தலையைப்போல.
முள் கிடையாது.
பென்சிலைவிட மெல்லிய தண்டுகள்,
அவற்றின்மேல் பூனைக்குட்டிக் காதின் மயிர்.
கள்ளி என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

போஹுமிலா முதலில் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு சுற்றிலும் பார்த்தாள்.
வரவேற்பு மேசையில் ஸ்டானிஸ்லாவா
தொலைபேசியில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ
வியாழக்கிழமைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
கிள்ளிய சத்தம்
கிள்ளியவளுக்கு மட்டும் கேட்டது.
சுண்டுவிரல் நீளத் துண்டு
கம்பளிக் கையுறைக்குள் போனது.

ஓஸ்ட்ராவா டிராம் பணிமனையில் பெண்கள் சொல்வார்கள்:
வாங்கிய செடி வாடும்,
கொடுத்த செடி யோசிக்கும்,
திருடிய செடி தழைக்கும்.

அவளையும்தான் யாரும் நம்பமாட்டார்கள்.
இருபத்தாறு வருடமாய் எட்டாம் எண் வண்டி,
ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை.
அன்று மாலை சமையலறை மேசைமேல்
கையுறையைக் கவிழ்த்து உதறியபோது
காதுமடல்வரை சூடேறியது.

முதல் துண்டு செத்தது,
கவனிப்பு தாங்காமல்.
வெட்டுவாய் ஈரம் காயுமுன்பே நட்டு,
நட்டதும் நனைத்து,
காலையும் மாலையும் பிடுங்கி
வேர் விட்டதா என்று பார்த்துப் பார்த்து
எட்டாம் நாள் அடிப்பாகம் பழுப்புக் கூழ்.

ஆகவே வலிக்காத பல்லைக் காட்டப் போனாள்.
“நன்றாகத்தானே இருக்கிறது” என்றார் டாக்டர் ஹவ்ரானெக்.
“அப்படியா” என்றாள்.
இந்தமுறை மூன்று துண்டுகள்.

குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்து
மறந்தேபோனாள்.
இரவுப் பணி, காய்ச்சல்,
ப்ரெரோவில் தங்கை மகனின் கல்யாணம்.
திரும்பி வந்து பார்த்தால்
வெட்டுவாய் மூடி, காய்ப்பேறி,
அதற்குச் சற்று மேலே
வெள்ளை நூலாக வேர்,
மண் கேட்காமல், தண்ணீர் கேட்காமல்
காற்றுக்குள் துழாவிக்கொண்டு.

நூலகத்தில் படம் கிடைத்தது.
பிரேசிலின் மழைக்காட்டில்
இதற்கு மரக்கிளைதான் வீடு.
மரத்தின் சாற்றைத் தொடுவதில்லையாம்.
உட்கார இடம் மட்டும்.
அந்த வரியை அவள் இரண்டுமுறை படித்தாள்,
பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

தயிர்க் கோப்பையின் அடியில் நாலு ஓட்டை.
ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்கும் மரப்பட்டைச் சில்லு.
கட்டித் தொங்கவிடப் பழைய ஷூ நாடா.
குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு,
அதனால் ஜன்னல் திட்டில் விழுந்த பனியை
வாணலியில் அள்ளி உருக்கினாள்.
அடியில் இந்த ஊரின் கரி படிந்தது.
மேலே தெளிந்ததைக் கரண்டியால் மொண்டு ஊற்றினாள்.
அந்த வாணலியில் மறுபடி முட்டை பொரிக்கவில்லை.

மூன்றாம் குளிர்காலம்.
நாலு மணிக்கே இருட்டும் நாட்கள் செடிக்கு வேண்டுமாம்,
அது மட்டும் இங்கே தாராளம்.
முதல் வண்டி எடுக்க மூன்றே முக்காலுக்கு எழுந்தவள்
விளக்கைப் போடவில்லை.
மணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.
தண்டின் நுனிகளில் வெள்ளையாய், சின்னதாய்,
திறந்து மூட மறந்த கண்கள்.

கடைவாய்ப் பல் நிஜமாகவே வலித்தபோது
காத்திருப்பறையில் கொக்கி மட்டும் இருந்தது.
“தினமும் தண்ணீர் விட்டேனே,
ஒருநாளும் தவறாமல்” என்றாள் ஸ்டானிஸ்லாவா.
கொக்கியைப் பார்க்காமல் சொன்னாள்.

பல் பிடுங்கும் நாளன்று
போஹுமிலா தயிர்க் கோப்பையோடு போனாள்.
மேசையில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.
வெளியே வரும்போது
ஸ்டானிஸ்லாவா செடியைப் பார்த்தாள்,
கையுறையைப் பார்த்தாள்,
எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

சொல்ல நிறைய இருந்தது:
காய விடு, மற, பனி உருக்கு, இருட்டில் வை.
பஞ்சு அடைத்த வாய்.
நாக்கில் பாதி மரத்திருந்தது.
“ஹாய… இழு…” என்றாள்.

ஸ்டானிஸ்லாவா புரிந்ததாகத் தலையாட்டி
கோப்பையை இரு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்
குழாயைத் திறந்தாள்.